உப்புத்தாளும் ஈரக்காற்றும்: கிள்ளான் பள்ளத்தாக்கு வீட்டுப் பட்டறைகளில் ஒரு சேமிப்புச் சிக்கல்

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிக்காத தமிழ்க் குடும்பம் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவு. கதவு, சன்னல் சட்டம், இரும்பு கேட் எல்லாவற்றையும் தேய்க்கவென்று வாங்கிய உப்புத்தாளில் பாதியாவது மிஞ்சும். மிஞ்சியதைச் சுருட்டிக் காலிச் சாய வாளிக்குள் செருகி, மாடிப்படிக்கு அடியிலோ பின்கட்டிலோ தள்ளிவிடுவோம். தைப்பூசத்துக்குக் காவடிச் சட்டத்தைத் தேய்க்கலாம் என்று இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் தாள் குழலாகச் சுருண்டிருக்கும். விரித்தால் மறுபடி சுருளும். அழுத்திப் பிடித்தால் மணல் உதிரும். நம்பர் அச்சிட்ட மூலை கிழிந்து எங்கோ போயிருக்கும். ஒன்றிரண்டு வெள்ளிச் சரக்குதானே என்று எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கி வருவோம். அடுத்த தீபாவளிக்கும் இதே கதை நடக்கும்.

உப்புத்தாளை அடுக்கி வைப்பதுபற்றி உலகில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்த மரவேலைக் கையேடுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவை. மெல்லிய இழுப்பறைகள் கொண்ட அலமாரி, நம்பர் ஒட்டிய தட்டுகள், சுவரில் அறைந்த கிழிப்புச் சட்டம் என்று அவை காட்டும் ஏற்பாடுகள் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை எழுதியவர்களின் கவலை வேறு. குளிர்காலத்தில் கணப்பு மூட்டிய வீட்டில் காற்று வறண்டு, தாள் காய்ந்து முறுக்கிக்கொள்வது அவர்கள் பிரச்சினை. மலேசியாவின் மாதச் சராசரி ஈரப்பதமோ 70 முதல் 90 விழுக்காட்டுக்குள் நிற்கிறது. கோலாலம்பூரில் விடியற்காலையில் 90ஐத் தாண்டும். வெயில் ஏறிய பிற்பகலில்தான் 60ஐ ஒட்டி இறங்கும். மழை ஏப்ரலை ஒட்டி ஒரு முறையும் நவம்பரை ஒட்டி ஒரு முறையும் உச்சத்துக்குப் போகிறது. தீபாவளிச் சாய வேலை அந்த இரண்டாவது உச்சத்தில்தான் விழுகிறது. காவடி வேலை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. எனவே இங்கே கேள்விகளின் வரிசை மாற வேண்டும். முதலில் ஈரம், அடுத்து நம்பர், கடைசியில்தான் பெட்டி. நாம் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறோம். அதனால்தான் அழகான இழுப்பறைக்குள்ளும் தாள் சுருண்டு கிடக்கிறது.

நம் வீட்டுப் பட்டறைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பார்த்துவிடலாம். தனி அறை ஒதுக்க முடிந்தவர்கள் சிலரே. தாமான்களின் தொடர்வீடுகளில் காரை வெளியே நிறுத்திவிட்டுப் போர்ச்சில் மேசை போடுகிறார்கள். சிலருக்குப் பின்பக்கச் சமையல்கட்டை நீட்டிக் கட்டிய இடம். சிலருக்கு மாடிப்படிக்கு அடியிலுள்ள ஸ்டோர். அடுக்குமாடியில் துணி காயப்போடும் பால்கனியே பட்டறை. நான்கு இடங்களுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: எதுவும் ஈரத்துக்குத் தப்பிய இடமில்லை. மழை பெய்தால் சாரல் வரும். தகரக் கூரை இருந்தால் மதியம் சூடு கொதிக்கும். படிக்கு அடியில் சாரலும் சூடும் வராவிட்டாலும் காற்றோட்டம் இல்லாததால் சுவர் வியர்க்கும். செந்தூலில் இருந்த ரயில்வே மத்தியப் பட்டறை போன்ற இடங்களில் சரக்கறை என்று தனியாக ஒன்று உண்டு. நம்பரைச் சொன்னால் தாள் கைக்கு வரும். பிரிட்டிஷ் காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வேலை பார்த்த பட்டறை அது. வீட்டுக்கு வந்துவிட்டால் தச்சரும் நாமே, சரக்கறைக்காரரும் நாமே. இரண்டாவது வேலையைப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை.

தாளின் உடம்பு

சேமிப்பைப் பேசுமுன் எதைச் சேமிக்கிறோம் என்று தெரிய வேண்டும். உப்புத்தாளில் மூன்று பொருள்கள் உண்டு: முதுகாக இருக்கும் தாளோ துணியோ, பசை, அதில் பதிந்த கூரான துகள். பழைய காலத்தில் இம்மூன்றையும் ஒன்றாகவே கொடுத்தது இலை. திருச்சி பக்கத்தில் திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமான பராய் மரத்தின் இலை அரம் போலச் சொரசொரப்பானது. மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகேற்ற அதைப் பயன்படுத்தினார்கள். மலாய்க்காரர்களுக்கு ‘மெம்பெலாஸ்’ இலை அதே வேலையைச் செய்தது. இலைக்குச் சேமிப்புச் சிக்கல் கிடையாது. வேண்டும்போது பறித்தால் போதும்.

தொழிற்சாலைத் தாள் வந்தபின்தான் சிக்கலும் வந்தது. லண்டனில் ஜான் ஓக்கி 1833இல் கண்ணாடித்தூள் தாளைத் தொழிலாக நடத்தத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் காப்புரிமை பெற்றார். இவற்றில் துகளைப் பிடித்து வைத்தது மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த பசை. அது ஈரத்தில் இளகும், வெந்நீரில் கரையும், பூஞ்சணத்துக்குத் தீனியாகும். 1902இல் மினசோட்டாவில் தொடங்கிய 3எம் நிறுவனத்துக்கு 1914இல் நேர்ந்தது இன்றைக்கும் பாடமாகச் சொல்லத்தக்கது. ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்த கார்னெட் கல்லின்மேல், கூடவே ஏற்றி வந்த ஆலிவ் எண்ணெய் கடல் கொந்தளிப்பில் கொட்டிவிட்டது. அந்தக் கல்லை வைத்துச் செய்த தாளில் பசை பிடிக்கவில்லை. தேய்த்த சற்று நேரத்திலேயே துகள் உதிர்ந்தது. வாடிக்கையாளர்கள் திட்டித் தீர்த்த பிறகுதான் காரணமே தெரிந்தது. தாளைச் செய்வதற்கு முன்பே சேமிப்புத் தவறு அதைக் கெடுத்துவிட்ட கதை இது. அதே நிறுவனம் 1921இல் நீரிலும் தேய்க்கக்கூடிய தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃபிரான்சிஸ் ஓக்கி என்ற மை வணிகரின் கண்டுபிடிப்பு அது. கார் பட்டறைகளில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்கிறோமே, அந்தக் கறுப்புத் தாளின் வமிசம் அங்கே தொடங்குகிறது.

தமிழர்களுக்கு இந்தச் சரக்கோடு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1900இல் பர்மாவில் லேவாதேவி தொடங்கிய திவான் பகதூர் அ.மு. முருகப்பச் செட்டியாரின் குடும்பத் தொழில் மலாயாவுக்கும் இலங்கைக்கும் பரவியது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே குடும்பம் முதலைத் தாயகத்துக்குத் திருப்பிக்கொண்டது. அந்தக் குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து 1954இல் சென்னையில் தொடங்கியதுதான் கார்போரண்டம் யுனிவர்சல். சாணைச் சக்கரமும் உப்புத்தாளும் செய்யும் இந்திய நிறுவனங்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. மலாயாவில் வட்டிக்கடை நடத்திய மரபிலிருந்து உப்புத்தாள் ஆலை கிளைத்தது என்பதைப் பிரிக்பீல்ட்ஸில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பேசலாம்.

ஈரம் என்ன செய்கிறது

தாள் ஈரத்தைக் குடித்தால் விரியும். அதன்மேல் படிந்த பிசினும் துகளும் அவ்வளவாக விரியாது. ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாமல் நின்றால் தாள் மணல் பக்கத்தை உள்ளே வைத்துச் சுருளும். வறண்ட இடத்தில் இதற்கு நேர்மாறாக முதுகு சுருங்கி, மணல் பக்கம் வெளியே புடைக்கும். உங்கள் வீட்டுத் தாள் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்த்தாலே அது இருந்த இடத்தின் வரலாறு தெரிந்துவிடும். குளிர்சாதன அறையில் வைத்த தாளை நேராகப் போர்ச்சுக்குக் கொண்டு வந்து மேசைமேல் போட்டுப் பாருங்கள். மழை நின்ற காலை நேரமாக இருந்தால், நீங்கள் மரத்தை இடுக்கியில் பூட்டி முடிப்பதற்குள் அதன் நான்கு மூலைகளும் மெதுவாக எழும்பத் தொடங்கும்.

சுருள்வது வெளியே தெரியும் கேடு. பசை தளர்வது தெரியாத கேடு. இன்றைய தாள்களில் பெரும்பாலானவை செயற்கைப் பிசினால் ஒட்டப்பட்டவை. ஈரத்தால் பசை சட்டென்று விட்டுவிடாது. ஆனால் மலிவான மஞ்சள் நிறத் தாள்களிலும் சில கார்னெட் தாள்களிலும் இன்னும் விலங்குப் பசை உண்டு. ஓர் எளிய சோதனை: தாளின் ஓரத்தில் விரலகலத் துண்டைக் கிழித்து வெந்நீரில் சிறிது நேரம் போட்டுவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். துகள் கூட்டமாக வழுக்கிக்கொண்டு வந்தால் அது நம் ஊரில் நெடுநாள் வைத்திருக்கத் தகுந்த தாள் அல்ல. அன்றன்றைக்கு வாங்கி அன்றன்றைக்குத் தீர்க்க வேண்டியது.

தயாரிப்பாளர்கள் கேட்கும் சேமிப்பு நிலை பொதுவாக 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும். கிள்ளானில் ஒரு போர்ச் இந்த நிபந்தனையை ஆண்டில் ஒரு நாளும் நிறைவேற்றாது. அதற்காக உப்புத்தாளுக்குக் குளிர்சாதனம் போடச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். நியாயமான சிரிப்புதான். நமக்குக் கைகூடும் வழிகள் மூன்று.

ஒன்று, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டியும் உள்ளே சிலிக்கா ஜெல்லும். ஜெல் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நீரைப் பிடிக்கும்; நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் காயவைத்தால் திரும்ப உயிர்பெறும். இரண்டு, அலமாரியில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா. சூப்பர்மார்க்கெட்டில் எளிதாகக் கிடைக்கிறது, நன்றாகவும் உறிஞ்சுகிறது. ஆனால் அடியில் தேங்கும் உப்புநீர் கவிழ்ந்தால் பக்கத்திலிருக்கும் உளியும் இழைப்புளியும் துருப்பிடித்துப் போகும். கருவிகள் உள்ள அலமாரியில் அதை வைக்காதீர்கள் என்பதே என் முடிவு. மூன்று, அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு. காற்று 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருந்தால், அதையே 34 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 60க்குக் கீழே வந்துவிடும். நீர் குறையவில்லை, காற்றின் கொள்ளளவு கூடுகிறது. கணக்கு சரிதான். ஆனால் இழை எரியும் பல்புகள் மலேசியச் சந்தையிலிருந்து 2014ஐ ஒட்டி விலக்கப்பட்டுவிட்டன. எல்.இ.டி. பல்பு தேவையான சூட்டைத் தராது. மேலும், தின்னரும் வார்னிஷும் இருக்கும் பட்டறையில் சூடான பல்பை மூடிய அலமாரிக்குள் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இந்த மூன்றையும்விட மலிவான ஒன்றை யாரும் சொல்வதில்லை: மூடும் நேரம். தாள் அடுக்கே ஈரத்தைத் தேக்கி வைக்கும் பொருள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் பெட்டியை மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டுகிறோம். ஜெல் பாவம், அதோடு போராடியே களைத்துவிடும். மழையில்லாத நாளில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல், காற்று மிக வறண்டிருக்கும் நேரத்தில், தாளை விரித்து வைத்துவிட்டுப் பிறகு அடுக்கி மூடுங்கள். ஈரமானி ஒன்று பதினைந்து இருபது வெள்ளிக்குக் கிடைக்கிறது. பெட்டிக்குள் போட்டு வைத்தால் ஊகத்துக்கு இடமில்லை.

அடுத்தது எடை. சுருளத் துடிக்கும் தாளைத் தட்டையாக வைத்திருக்க நம் வீடுகளில் தயாராக ஒரு பொருள் இருக்கிறது: தரைக்குப் பதித்து மிஞ்சிய ஓடு. உப்புத்தாளின் வழக்கமான முழு அளவு 230க்கு 280 மில்லிமீட்டர், பழைய கணக்கில் 9க்கு 11 அங்குலம். ஓரடிக்கு ஓரடி ஓடு அதை நாலு பக்கமும் மூடி நிற்கும். அடியில் ஓர் ஓடு பளபளப்புப் பக்கம் மேலாக, நடுவில் தாள்கள், மேலே ஓர் ஓடு பளபளப்புப் பக்கம் கீழாக. பளபளப்புப் பூச்சு ஈரத்தைக் கடத்தாது, கனமும் போதும். சிமெண்டுத் தரையில் மட்டும் நேராக வைக்கக் கூடாது; தரையின் ஈரம் மேலே ஏறும். வெளிச்சுவரில் சாய்த்தும் வைக்கக் கூடாது. ஏற்கெனவே சுருண்டுவிட்ட தாளை, மணல் பக்கம் மேலே இருக்க, மேசை விளிம்பில் முதுகு படும்படி மேலும் கீழுமாக இழுத்தால் இறுகிய பிசின் சீராக நொறுங்கி வளைந்து கொடுக்கும். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் இழுக்க வேண்டும்.

நம்பர் குழப்பம்

முதுகில் உள்ள நம்பரைப் பலரும் ஒரே அளவுகோல் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எண்ணுக்கு முன் ‘பி’ எழுத்து இருந்தால் அது ஐரோப்பியத் தயாரிப்பாளர் கூட்டமைப்பான ‘ஃபெபா’வின் அளவு; இப்போது ஐ.எஸ்.ஓ. 6344 தரமும் அதுவே. ‘பி’ இல்லாத வெறும் எண் பழைய அமெரிக்க அளவாக இருக்கலாம். 220 வரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகின்றன. அதற்குமேல் வழி பிரிகிறது. பி400 தாளின் துகள் சராசரியாக 35 மைக்ரான். அமெரிக்க 400இன் துகளோ அதைவிட மிகப் பொடி, பி800க்குப் பக்கத்தில் நிற்பது. அமெரிக்க 600 ஏறத்தாழ பி1200. ஆகவே இரண்டு 400களை ஒரே உறையில் போட்டு வைத்தால், வார்னிஷ் மேசையில் மெருகேற்றும்போது ஒரு பக்கம் மங்கும், ஒரு பக்கம் மின்னும், காரணம் பிடிபடாது. 220க்குமேல் உள்ள தாள்களை ‘பி’ உள்ளவை, இல்லாதவை என்று தனித்தனி உறையில் போடுங்கள். கீழே உள்ளவற்றுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

எத்தனை நம்பர் வைத்திருக்க வேண்டும்? கடையில் இருக்கும் எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும். பாதி பயன்படாமலே பழுதாகும். வீட்டு மரவேலைக்கு 80, 120, 180, 240, சாயம், வார்னிஷ் பூச்சுகளுக்கு இடையே தேய்க்க 320, கடைசி மெருகுக்கு 400. இந்த ஆறு போதும் என்பதுதான் என் கட்சி. துகள் அளவைப் பாருங்கள்: பி80 ஏறக்குறைய 200 மைக்ரான், பி120 125, பி180 82, பி240 58. ஒவ்வொரு படியிலும் துகளின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வருகிறது. முந்தின தாளின் கீறலை அடுத்தது அழித்துவிடும். இடையில் 100, 150, 220 என்று நுழைப்பது தொழிற்சாலைக்குச் சரி. நம் வட்டாரத்தில் கிடைக்கும் ரப்பர் மரச் சாமான்களுக்கு 240க்குமேல் போவதே அரிது. பால்வெட்டி ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் விறகாக எரித்தோம். அதைப் பதப்படுத்தி மேசை நாற்காலி ஆக்கும் வழியில் ஆராய்ச்சி செய்தவர்களில் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் முக்கியமானது, 1929இலிருந்து இருக்கும் நிறுவனம். வெளிறிய அந்த மரத்தில் கறுப்பு வாட்டர் பேப்பரைத் தேய்த்தால் கருந்துகள் நுண்துளைகளில் அடைத்துக்கொண்டு அழுக்காகத் தெரியும். எனவே ஒரே நம்பராக இருந்தாலும் கறுப்புத் தாளையும் மரத்துக்கான பழுப்புத் தாளையும் கலந்து வைக்காதீர்கள்.

வெட்டும்போதுதான் நம்பர் தொலைகிறது. முழுத் தாளை நான்காகக் கிழித்தால் 115க்கு 140 அளவில் நான்கு துண்டுகள். அச்சு முதுகு முழுவதும் ஓடினால் பிழைத்தோம்; நடுவில் மட்டும் இருந்தால் இரண்டு துண்டு அனாதை. கிழிக்குமுன் முதுகில் நாலு இடத்திலும் பென்சிலால் எழுதிவிடுவது அரை நிமிட வேலை. வயதானவர்களுக்கும் வெளிச்சம் குறைந்த ஸ்டோரில் தேடுபவர்களுக்கும் இன்னொரு ஏற்பாடு சொல்லலாம். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில், விரல் நுனியால் படிப்பவர்களை நாம் தினமும் சாலையில் பார்க்கிறோம். அந்த முறையை நாமும் கடன் வாங்கலாம். 80க்கு மூலையில் ஒரு வெட்டு, 120க்கு இரண்டு, 180க்கு மூன்று. சொரசொரப்பை வைத்தே சொல்லிவிடுவேன் என்பவர்கள் 120 வரை சரியாகச் சொல்வார்கள். 320ஐயும் 400ஐயும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நம்பர்களைப் பிரித்து வைப்பது வசதிக்காக மட்டுமல்ல. 80ஆம் நம்பர் தாளிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள் 320இன் முகத்தில் ஒட்டிக்கொண்டால் போதும், முடிந்த வேலையில் நீளமாக ஒரு கோடு விழும். முரட்டுத் தாள் எப்போதும் அடியில், மெல்லியது மேலே. இடையில் ஒரு வெற்றுத்தாளோ பிளாஸ்டிக் உறையோ இருக்கட்டும்.

எதில் வைப்பது

இப்போது பெட்டிக்கு வரலாம். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் ஏ4 கோப்பு பொருந்தும் என்று பலரும் நினைத்து வாங்குகிறார்கள். ஏ4 அகலம் 210. தாளின் அகலம் 230. அந்த 20 மில்லிமீட்டரில்தான் ஓரம் மடிந்து மணல் உதிர்கிறது. அரசாங்க அலுவலகங்களில் பயன்படும் பெரிய ‘ஃபுல்ஸ்கேப்’ அளவுப் பெட்டிக்கோப்பு சரியாக இருக்கும், ஆனால் வாங்குமுன் உள்ளகலத்தை அளந்துகொள்ளுங்கள். அட்டையால் ஆன கோப்பை விடப் பிளாஸ்டிக் நல்லது; அட்டையும் ஈரம் குடிக்கும், கரையானுக்கும் பிடிக்கும். மடிப்பு மடிப்பாக விரியும் கோப்பு நம்பர் பிரிக்க அருமையானது. ஆனால் அதில் தாள் செங்குத்தாக நிற்பதால் நம் காற்றில் வளைந்துவிடும். முழுத் தாளுக்கு அது உதவாது, கால் துண்டுகளுக்கு உதவும். பிஸ்கட் டின்னும் கால் துண்டுகளுக்கு நல்ல வீடுதான். மூடி இறுக்கமாக இருந்தால் ஜெல்லும் அதில் நன்றாக வேலை செய்யும். டின்னின் அடி துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்தில் இழுப்பறை அலமாரி செய்ய ஆசைப்படுபவர்களைத் தடுக்கவில்லை. செய்து பார்க்க நல்ல பயிற்சி. ஆனால் நம் ஊர் ஈரத்தில் மெல்லிய இழுப்பறைகள் உப்பி, திறக்க மறுக்கும். இடைவெளி விட்டுச் செய்தால் ஈரக்காற்று உள்ளே நடமாடும். இரண்டு ஓடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் அந்த அலமாரியை இந்தப் பள்ளத்தாக்கில் வென்றுவிடுகின்றன.

இயந்திரத்துக்கான 125 மில்லிமீட்டர் வட்டுகளை நம்பர் வாரியாகப் பிரித்து, மூடியுள்ள உருளை டப்பாவில் போட்டால் போதும். பின்புறக் கொக்கிப் பஞ்சில் தூசி ஏறாமல் இருந்தாலே அவை நெடுநாள் பிடிக்கும். பின்னால் பசை தடவி ஒட்டும் வகை வட்டுகளைப் போர்ச்சில் வைக்கவே கூடாது. தகரக் கூரைச் சூட்டில் பசை இளகி, பிறகு காய்ந்து, ஒட்டாமலோ உரியாமலோ போகும். இயந்திரப் பட்டைகளை ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். நாலங்குலக் குழாய்த் துண்டில் தொங்கவிடுங்கள். வலைபோன்ற துணித் தாள்களும் பிளாஸ்டிக் முதுகுத் தாள்களும் ஈரத்தில் அவ்வளவாகச் சுருள்வதில்லை. விலை கூடுதல் என்றாலும், அடிக்கடி எறிகிறவர்களுக்குக் கணக்குப் பார்த்தால் அவை நட்டமில்லை.

பூச்சியும் வெள்ளமும்

நம் ஊர்க் கரையானுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. தரையில் வைத்த தாள் கட்டுக்குள் புகுந்தால் முதுகை முழுக்கத் தின்றுவிட்டு மணலை மட்டும் மிச்சம் வைக்கும். கரப்பானுக்கு விலங்குப் பசை விருந்து. தரையிலிருந்து ஒரு முழம் உயரம், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி என்று வைத்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

வெள்ளத்துக்கு ஒரு முழம் போதாது. 2021 டிசம்பர் 18ஆம் நாள் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தளங்கள் முழுக முழுக நீர் நின்றது. போர்ச்சிலும் பின்கட்டிலும் பட்டறை வைத்திருந்தவர்கள் இயந்திரங்களையே இழந்த நாளில் உப்புத்தாளைப் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கிள்ளானிலும் ஷா ஆலத்திலும் தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் நவம்பர் பிறந்ததும் பெட்டியை மாடிக்கு ஏற்றிவிடுவதில் செலவொன்றும் இல்லை. சேற்றுநீரில் ஊறிய சாதாரணத் தாளைக் காயவைத்து மீட்க முயல வேண்டாம். வாட்டர் பேப்பரை மட்டும் நல்ல நீரில் அலசி, ஓடுகளுக்கு இடையே அழுத்திக் காயவைத்தால் இரும்பு கேட்டுக்காவது ஆகும்.

தேய்த்த தாளை எறிவதா வைப்பதா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. தேய்ந்த 120 ஏறக்குறைய 180 போலப் பணி செய்யும் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. கைத்தேய்ப்புக்கு அது ஓரளவு உண்மை. வைப்பதென்றால் பழையதற்குத் தனி டப்பா. புதியதோடு சேர்த்தால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். லின்சீட் எண்ணெய் பூசிய மரத்தைத் தேய்த்த தாளையும் துணியையும் கசக்கிக் குவித்து மூடி வைக்காதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய். பழைய வீடுகளின் கதவுச் சாயத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதைத் தேய்த்த தாளைச் சேமிக்கும் பேச்சே வேண்டாம். ஈரத்தேய்ப்பாகத் தேய்த்து, தாளைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில்.

இத்தனையும் வீட்டுக்காரர் செய்யக்கூடியது. ஆனால் தாள் வீட்டுக்கு வருமுன்பே கெட்டுவிடுகிறது என்பதை இந்த வட்டாரத்தில் ஹார்ட்வேர் கடை ஏறி இறங்குபவர்கள் அறிவார்கள். வாசலோர ஐந்தடி நடைபாதையில், மழைச்சாரலுக்கும் வண்டிப் புகைக்கும் நடுவே, திறந்த தட்டுகளில் தாள்களை அடுக்கி வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. வாங்குபவர் மேலிருக்கும் தாளை எடுக்காமல் அடியிலிருந்து உருவிப் பாருங்கள். தட்டையாக இருக்கிறதா, ஓரத்தை மடக்கினால் மணல் உதிர்கிறதா என்று கடையிலேயே சோதித்துவிட்டுக் காசு கொடுங்கள். கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீபாவளிக்கு முந்திய வாரங்களில் உங்கள் சரக்கு மூட்டை மூட்டையாக விற்கிறது. அந்த ஒரு மாதமாவது உப்புத்தாளை வாசலிலிருந்து எடுத்துக் கடையின் உள்சுவரில், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். முழுத் தாளைச் சுருட்டி ரப்பர் போட்டுத் தராமல், அட்டையோடு தட்டையாகக் கட்டித் தாருங்கள்.